‘போதிய பயிற்சி இன்மை’ என்றொரு கட்டம்

திருந்திய நெல் சாகுபடியைக் காவிரிப் படுகை முழுக்கப் பரப்பிக்கொண்டிருந்த ஆண்டுகளில், வேளாண் விரிவாக்க ஆய்வு ஒன்றுக்குக் கள உதவியாளனாகத் திருவாரூர் மாவட்டத்துக் கடைமடை ஊர்களில் அலைந்தேன். கையில் பதினான்கு பக்க வினாப்பட்டியல். மூன்று ஏக்கரைக் குத்தகைக்குச் சாகுபடி செய்யும் பெரியவர் ஒருவர், திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். புதிய முறையைப் பற்றித் தெரியுமா என்று கேட்டேன். பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒற்றை நாற்று, சதுர நடவு, களைக்குக் கோனோவீடர், காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் என்று ஐந்தையும் வரிசை தப்பாமல் சொன்னார். செயல்விளக்கத் திடலை இரண்டு முறை போய்ப் பார்த்திருந்தார். அங்கே தூர் வெடித்திருந்த அழகை இரு கைகளையும் விரித்துக் காட்டினார்.

“அப்புறம் ஏங்கய்யா நீங்க செய்யல?”

ஒரு மணி நேரம் சொன்னார். மேல்வயல் நிறைந்து வழிந்தால்தான் தன் வயலுக்குத் தண்ணீர். முறை வைத்து விடும் தண்ணீர் எந்த நாளில் வாய்க்காலுக்கு வரும், எந்த நாளில் நிற்கும் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் சாண் உயரம்கூட இல்லாத இளநாற்று மூழ்கி அழுகிவிடும். நடவுக்கு வரும் பெண்கள் ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு கூட்டாக வருகிறவர்கள். கயிறு பிடித்து அளந்து நடச் சொன்னால் அடுத்த வயலுக்குப் போய்விடுவார்கள். அதோடு, இந்த நிலம் அடுத்த ஆண்டும் தன்னிடம் இருக்குமா என்பதற்கு எழுத்தில் ஒன்றும் கிடையாது.

என் தாளில் ‘கடைப்பிடிக்காமைக்கான காரணம்’ என்ற தலைப்பின் கீழ் ஐந்து கட்டங்கள்தான் இருந்தன: அறியாமை, போதிய பயிற்சி இன்மை, ஆர்வமின்மை, பழைய முறையில் பற்று, பிற. ‘பிற’ என்பதை அதிகம் பயன்படுத்த வேண்டாம், அட்டவணையில் ஏற்ற முடியாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். ‘போதிய பயிற்சி இன்மை’ கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். என் டிக்கும் என்னைப் போன்றவர்கள் அடித்த டிக்குகளும் சேர்ந்து ஒரு விழுக்காடாயின. அந்த விழுக்காடு கடைசி அத்தியாயத்தில் ஒரு பரிந்துரையாயிற்று: பயிற்சி முகாம்களை அதிகப்படுத்த வேண்டும்.

அன்று நான் எழுதிவைத்தது பொய். அது என் ஒருவனுடைய பொய்யாக இருந்தால் இத்தனை ஆண்டு கழித்து எழுத வேண்டியதில்லை. ஒரு துறையே அந்தக் கட்டத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. விவசாயி புதிய தொழில்நுட்பத்தை ஏற்கவில்லை என்றால் அவருக்கு அறிவு போதவில்லை, ஆகவே பயிற்சி. வருமானம் போதவில்லை என்றால் தொழில்முனைவுத் திறன் போதவில்லை. ஆகவே அதற்கும் பயிற்சி. துறைக் கருத்தரங்குகளிலும் திட்ட அறிக்கைகளிலும் அமைச்சர்களின் உரைகளிலும் இந்த இரண்டு வாக்கியங்களும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவைபோலப் புழங்குகின்றன. இரண்டும் தவறு என்று சொல்ல எனக்குக் காரணங்கள் இருக்கின்றன.

இந்தச் சிந்தனை எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் இரண்டு ஊர்களில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பரவியதைப் பற்றி ரயன், கிராஸ் என்ற இருவர் 1943இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்த வழியில் வந்த எவரெட் ரோஜர்ஸ் 1962இல் புதுமைகள் பரவும் விதம் பற்றிய தம் நூலில் மக்களை ஐந்து வகையாகப் பிரித்தார். முதலில் ஏற்பவர் புதுமை விரும்பி. கடைசியில் ஏற்பவர் பின்தங்குவோர். நம் வேளாண் கல்லூரிகளில் விரிவாக்கக் கல்வி படிக்கும் ஒவ்வொரு மாணவரும் அந்த மணி வடிவ வளைவை வரைந்து பழகுகிறார். ஐயோவாவில் விவசாயி மாற்ற வேண்டியிருந்தது விதையை மட்டும்தான். ஊர்த் தண்ணீரையும் கூலி ஏற்பாட்டையும் குத்தகை முறையையும் சேர்த்து மாற்றக் கோரும் ஒரு சாகுபடி முறைக்கு அதே வளைவைப் பொருத்துவது, சட்டைக்கு எடுத்த அளவில் வீடு கட்டுவது போன்றது. ரோஜர்ஸே பிற்காலப் பதிப்புகளில் எச்சரித்தார்: புதுமை எல்லோருக்கும் நல்லது என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறார்கள், ஏற்காதபோது அமைப்பை விட்டுவிட்டுத் தனிமனிதரைக் குற்றம் சாட்டுகிறார்கள் என்று. நாம் வளைவை எடுத்துக்கொண்டோம். எச்சரிக்கையை அங்கேயே விட்டுவிட்டோம்.

இன்னொரு நூலும் இருந்தது. 1964இல் தியோடர் ஷூல்ட்ஸ், மரபுவழி விவசாயி ஏழையாக இருக்கலாம், ஆனால் கையிலிருப்பதை வீணடிப்பவர் அல்ல என்று வாதிட்டார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட இரண்டு சான்றுகளில் ஒன்று உத்தரப் பிரதேசத்தின் சேனாபூர் கிராமம். ஷூல்ட்ஸ் கல்வியின் பெரும் ஆதரவாளர், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது விவசாயிக்கு லாபம் தரக்கூடிய புதிய இடுபொருளும் அவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும். மூன்று நாள் முகாமும் ஒரு சான்றிதழும் அல்ல.

சரி, தமிழ்நாட்டுக்கு வருவோம். திருந்திய நெல் சாகுபடியைவிடப் பொருத்தமான சோதனைக் களம் கிடையாது. மடகாஸ்கரில் ஹென்றி டி லொலானியே என்ற பாதிரியார் 1980களில் உருவாக்கிய முறை அது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000 வாக்கில் அதைச் சோதிக்கத் தொடங்கியது. காவிரிப் படுகையிலும் தாமிரபரணிப் படுகையிலும் விவசாயிகளின் வயல்களிலேயே ஒப்பீட்டுத் திடல்கள் போட்டார்கள். விளைச்சல் கூடியது, தண்ணீர் மிச்சமானது, ஏக்கருக்கு இருபது முப்பது கிலோ விதை விட்ட இடத்தில் மூன்று கிலோ போதுமானதாயிற்று. நல்ல தொழில்நுட்பம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. தன் கிணற்றுத் தண்ணீரில் செய்தவர்களிடம் போய்க் கேட்டால் இன்றும் மெச்சிப் பேசுவார்கள்.

அந்த ஒப்பீட்டில் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டோம். திடல் யாருடைய நிலத்தில் போடப்படுகிறது? சாலையோரத்தில், போர்வெல் உள்ள, சொந்தப் பட்டா உள்ள, அலுவலர் வந்தால் வரவேற்கக்கூடிய ஒருவரின் நிலத்தில். அவர்தான் ‘முன்னோடி விவசாயி’. அவர் மோட்டார் சுவிட்சைப் போட்டால் பாய்ச்சல், அணைத்தால் காய்ச்சல். திடலின் விளைச்சலில் நாற்றின் வயதுக்கு எவ்வளவு பங்கு, போர்வெல்லுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துப் பார்த்த ஆய்வேட்டை என் கையால் புரட்டியதில்லை. அந்த விளைச்சலைக் காட்டித்தான் வாய்க்கால் தண்ணீரை நம்பிய குத்தகைதாரரைப் பின்தங்கியவர் என்று எழுதினோம்.

தண்ணீர் எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2020இல்தான் மறுபடி திறந்தார்கள். அணை எப்போது திறக்கும் என்று மாநில அரசுக்கே தெரியாத அதே ஆண்டுகளில், பதினான்காம் நாளில் நாற்றைப் பறித்து நடாத விவசாயிக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று ஆய்வேடுகளில் எழுதிக்கொண்டிருந்தோம். நாற்றங்கால் விட்டாயிற்று, தண்ணீர் வரவில்லை என்றால் இளநாற்று முதிர்நாற்றாகிவிடும். அத்தோடு அந்த முறையின் அடிப்படையே போய்விடும். இருபத்தைந்து, முப்பது நாள் நாற்றை நடும் பழைய முறையில் பத்து நாள் முன்னே பின்னே ஆனாலும் சமாளிக்கலாம். அந்தப் பத்து நாள்தான் கடைமடைக்காரரின் காப்பீடு. அதைப் பழமையில் பற்று என்று பெயரிட்டோம்.

இதே விவசாயிகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்களா? நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் சம்பாவில் நாற்றங்காலையும் நடவையும் விட்டுவிட்டு நேரடி விதைப்புக்குப் போனவர்கள் ஏராளம். தண்ணீர் வரும் நாள் தெரியாது, நடவுக்கு ஆள் கிடைக்காது. புழுதியில் விதைத்துவிட்டால் முதல் மழைக்கு முளைத்துக்கொள்ளும். துல்லியமான கணக்கு. அறுவடை இயந்திரம் வந்தபோதும் அப்படித்தான். கூலி ஏறி, ஆள் குறைந்து, கதிர் முற்றிய வயலின் மேல் மழை மேகம் திரண்டுகொண்டிருந்தபோது, வெளி மாவட்டத்திலிருந்து மணி வாடகைக்கு இயந்திரம் வந்து நின்றது. சில ஆண்டுகளில் டெல்டாவில் கருக்கரிவாளைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. அதற்கு எந்த விழிப்புணர்வு முகாமும் தேவைப்படவில்லை. பொன்னி அரிசி எப்படிப் பரவியது? சந்தையில் விலை கிடைத்தது, வீட்டில் சோறு நன்றாக இருந்தது, பரவியது. தனக்குக் கட்டுப்படியாகும் புதுமையை ஏற்பதற்கு இந்த விவசாயிக்கு ஒரு பருவம் போதும். அப்படிப்பட்டவர் ஒரு முறையைப் பத்து ஆண்டு மறுக்கிறார் என்றால் நாம் பாடம் எடுக்கப் போகாமல் பாடம் கேட்கப் போயிருக்க வேண்டும்.

அந்த முறை பிறந்த மடகாஸ்கரிலேயே விடை இருக்கிறது. மோசர், பாரட் என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே அதை முயன்றுபார்த்தவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் பிறகு கைவிட்டிருந்தார்கள். விளைச்சல் கூடவில்லை என்பதால் அல்ல. நடவுக்கும் களைக்கும் கூடுதல் உழைப்பு தேவைப்படும் அதே மாதங்கள்தான் அங்கே வீட்டில் அரிசி தீர்ந்துபோகும் மாதங்கள். ஏழைக் குடும்பம் அன்றைய கூலிக்கு அடுத்தவர் வயலுக்குப் போயாக வேண்டும். தன் வயலில் உழைத்து நான்கு மாதம் கழித்து வரும் நெல்லுக்குக் காத்திருக்க முடியாது. நம் ஊரிலும் கணக்கு அதிகம் வேறுபடவில்லை. 2018–19இல் தேசிய மாதிரி ஆய்வின்படி இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798 ரூபாய். கூலி, சம்பளத்திலிருந்து வந்தது 4,063. பயிரைவிடக் கூலி அதிகம் தரும் வீட்டுக்காரரிடம் மூன்று நாள் முகாமுக்கு வாருங்கள் என்று அழைப்பது, மூன்று நாள் கூலியை விட்டுவிட்டு வாருங்கள் என்பதுதான்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களைப் பற்றிய கேள்வியே என் வினாப்பட்டியலில் இல்லை. களை பறிப்பது பெண்களின் வேலை, பெண்களின் கூலி. கோனோவீடர் வந்தால் சேற்றில் அதைத் தள்ளுவது பெரும்பாலும் ஆணின் வேலையாகிவிடுகிறது. விவசாயக் கூலிக் குடும்பத்தின் பார்வையில் அந்தக் கருவி ஒரு பெண்ணின் சில வாரக் கூலியை எடுத்துக்கொண்டு போகிற பொருள். நில உரிமையாளரின் ஏட்டில் அது ‘செலவு மிச்சம்’. இரண்டும் ஒரே பணம்தான். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினோம்.

விரிவாக்கத் துறையினர் இந்த வாதங்களுக்கெல்லாம் பதிலாகக் காட்டும் புள்ளிவிவரம் ஒன்று உண்டு. 2003இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வில் 60 விழுக்காடு விவசாயக் குடும்பங்கள் நவீனத் தொழில்நுட்பம் பற்றி எந்த மூலத்திலிருந்தும் தகவல் பெறவில்லை என்று தெரிந்தது. பாருங்கள், இடைவெளி எவ்வளவு பெரியது, இன்னும் அதிகம் பயிற்சி தர வேண்டும் என்கிறார்கள். அதே அட்டவணையைக் கீழேயும் படிக்க வேண்டும். தகவல் பெற்றவர்கள் யாரிடமிருந்து பெற்றார்கள்? பிற முன்னேறிய விவசாயிகளிடமிருந்து 16.7 விழுக்காடு, இடுபொருள் கடைக்காரரிடமிருந்து 13.1, வானொலியிலிருந்து 13. விரிவாக்கப் பணியாளரிடமிருந்து 5.7. வேளாண் அறிவியல் நிலையத்திலிருந்து 0.7. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கி, கிட்டத்தட்ட முப்பது ஆண்டு ஆன பிறகு வந்த எண் அது. அந்த ஆய்விலேயே, வேறு வழி இருந்தால் விவசாயத்தை விட்டுவிடுவோம் என்று 40 விழுக்காட்டினர் சொன்னார்கள். லாபமில்லை என்பதால் பிடிக்கவில்லை என்றவர்கள் மட்டும் 27 விழுக்காடு.

உரக்கடைக்காரரிடம் ஏன் போகிறார் என்று ஒரு தடவையாவது யோசித்திருக்கிறோமா? அவர் கடனுக்குக் கொடுக்கிறார். இரவு ஏழு மணிக்கும் கடை திறந்திருக்கிறது. இலையைக் கிள்ளிக்கொண்டு போய்க் காட்டினால் ஒரு மருந்தைக் கையில் எடுத்துக் கொடுக்கிறார். பல சமயம் தவறான மருந்து, தேவையில்லாத மருந்து. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உதவி வேளாண்மை அலுவலர் ஒருவர் பல ஊர்களைப் பார்க்க வேண்டும். மானிய விதைக்குக் கையெழுத்து, இலக்குக் கணக்கு, காப்பீட்டுக் கணக்கெடுப்பு, கைபேசிச் செயலியில் பதிவு என்று அவருடைய நாள் போய்விடுகிறது. வயலுக்கு வர அவருக்கு மனமில்லை என்று நான் சொல்லவில்லை, வேலை அவரை விடுவதில்லை. அப்படிப்பட்ட அலுவலர்களின் எண்ணிக்கையைக் கூட்டாமல் முகாம்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகிறோம்.

அறிவுரை எந்த அளவுக்கு நிலைமையிலிருந்து விலகிப்போக முடியும் என்பதற்கு நெல்லின் ஈரப்பதம் ஒன்றே போதும். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருந்தால் எடுக்கமாட்டார்கள். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதும் ஊரில், தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டி, தார்ப்பாயால் மூடியும் திறந்தும் காவல் இருப்பவர்களிடம் ‘அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்பம்’ பற்றிப் பாடம் நடத்துகிறோம். அவர்களிடம் இல்லாதது உலர்களம். பிறகு மாநில அரசே ஒன்றிய அரசுக்கு எழுதி, சில ஆண்டுகளில் வரம்பைத் தளர்த்தி வாங்குகிறது. அப்போது மட்டும் சிக்கல் விவசாயியின் அறிவில் இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது.

இனி தொழில்முனைவுப் பயிற்சி. 2002இல் வேளாண் மருத்துவ மையங்கள், வேளாண் வணிக மையங்கள் திட்டம் வந்தது. 2015இல் கிராமத்து இளைஞர்களை விவசாயத்தில் நிறுத்திவைக்க ‘ஆர்யா’ வந்தது. 2020இல் பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அமைக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். விவசாயி இனி விவசாயி அல்ல, தொழில்முனைவோர் என்கிறார்கள். விதைக்கும் நாளில் விலை தெரியாது, மழை தெரியாது, நிலம் தன்னுடையதா என்பதுகூடச் சிலருக்குத் தெரியாது. இருந்தும் கைப்பணத்தையும் கடன் பணத்தையும் மண்ணில் போடுகிறவரைப் பார்த்து, உனக்குத் துணிந்து முதல் போடும் குணம் வர வேண்டும் என்று பாடம் எடுக்கிறோம். இந்த நாட்டில் அவரைவிடத் துணிந்து முதல் போடுகிறவர் யார்?

காளான் வளர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மகளிர் குழுக்களுக்கு அதிகம் சொல்லித்தரப்படும் தொழில்களில் ஒன்று. வைக்கோலை அவித்து, பையில் அடுக்கி, வித்திட்டுக் கட்டித் தொங்கவிடும் வேலையை எங்கள் பகுதிப் பெண்கள் இரண்டு நாளில் கற்றுக்கொண்டுவிடுவார்கள். அவர்கள் கைக்கு அது ஒன்றுமே இல்லை. சிக்கல் காளான் பூத்த பிறகு தொடங்கும். காலையில் பறித்தது அன்றைக்கே, அதிகம் போனால் மறுநாள், விற்றாக வேண்டும். ஊரில் தினமும் காளான் வாங்கிச் சமைக்கும் வீடுகள் இல்லை. நகரத்துக்குப் பேருந்தில் கொண்டுபோனால் கடைக்காரர் சொன்னதுதான் விலை, ஏனென்றால் திரும்ப எடுத்துப்போக முடியாது என்று அவருக்குத் தெரியும். சித்திரை வெயிலில் சிப்பிக் காளான் பூக்காது. வெயிலைத் தாங்கும் பால் காளானுக்கு மாறலாம் என்றால் தரமான வித்து வேண்டிய நாளில் பக்கத்தில் கிடைக்க வேண்டும். இரண்டாம் ஆண்டு காளான் குடில் ஆட்டுக் கொட்டகையாகிவிடும். அதற்குள் ‘பயிற்சி பெற்றவர்கள்’ என்ற பத்தியில் அந்தப் பெண்களின் பெயர் ஏறி, இலக்கு நிறைவேறியிருக்கும். தொழிலைத் தொடராததற்குக் காரணம் என்ன என்று அடுத்து ஓர் ஆய்வாளர் வினாப்பட்டியலோடு வருவார். கட்டங்கள் அதேதான்.

இதை அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. இலங்கையில் டி மெல், மெக்கென்சி, உட்ரஃப் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் செய்த ஆய்வுகள் இந்த விவாதத்தில் கட்டாயம் பேசப்பட வேண்டியவை. முதல் ஆய்வில் (2008) சிறு தொழில் நடத்துவோர் சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துச் சிறு தொகையை முதலாகக் கொடுத்தார்கள். எந்தப் பாடமும் எடுக்கவில்லை. போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 55 முதல் 63 விழுக்காடு வரை வருவாய் வந்தது. அவர்களிடம் இல்லாதிருந்தது முதல்தான், திறமை இருந்தது. பெண்கள் நடத்திய தொழில்களில் அந்த வருவாய் தெரியவில்லை என்பதையும் அவர்களே பதிவு செய்தார்கள். சரி, பெண்களுக்குப் பயிற்சி தந்துபார்ப்போம் என்று அடுத்த ஆய்வில் (2014) இறங்கினார்கள். ஏற்கெனவே தொழில் நடத்திய பெண்களுக்குப் பயிற்சி மட்டும் தந்தபோது லாபம் கூடவில்லை. பயிற்சியோடு பணமும் தந்தபோது முதலில் கூடியது, இரண்டாம் ஆண்டில் மங்கிவிட்டது. புதிதாகத் தொடங்க நினைத்த பெண்களுக்கு மட்டும் பயிற்சி ஓரளவு கைகொடுத்தது. நேர்மையான ஆய்வு என்றால் இப்படி இருக்க வேண்டும்: யாருக்கு உதவியது, யாருக்கு உதவவில்லை, எத்தனை மாதம் நின்றது. நம் மதிப்பீடுகளோ பயிற்சியின் முதல் நாளும் கடைசி நாளும் ஒரு தேர்வு வைத்து, மதிப்பெண் கூடியதைக் காட்டி முடித்துக்கொள்கின்றன. காளானைப் பற்றி மதிப்பெண் வாங்கினால் காளான் விற்றுவிடுமா?

முதல் மட்டுமே மருந்து என்றும் சொல்லமாட்டேன். வடக்கு கானாவில் கார்லன், உட்ரி உள்ளிட்டோர் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், பணம் கொடுக்கப்பட்ட விவசாயிகளைவிட மழைக் காப்பீடு கொடுக்கப்பட்ட விவசாயிகளே சாகுபடியில் அதிகம் முதல் போட்டார்கள். மழை பொய்த்தாலும் குடும்பம் கவிழாது என்ற உறுதி கிடைத்ததும், அதுவரை செய்யாததைத் தாங்களே செய்தார்கள். நம் குத்தகைதாரருக்கு அந்த உறுதி எங்கிருந்து வரும்? வாய்மொழிக் குத்தகை என்றால், பயிர் செய்கிறவர் யார் என்று காட்டும் அடங்கல் அவர் பெயரில் வராது. அடங்கல் இல்லாமல் கூட்டுறவுச் சங்கக் கடன் இல்லை. பயிர்க் காப்பீடு இல்லை. வெள்ளம் வந்தால் நிவாரணம் பட்டாக்காரரின் கணக்குக்குப் போகும். கிராம நிர்வாக அலுவலர் எழுதித்தரும் அந்த ஒரு தாள் விளைச்சலில் என்ன மாற்றம் செய்கிறது என்று அளந்தால், நூறு முகாம்களின் விளைவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘மனப்பான்மை’யை அளக்க விரிவாக்கத் துறையில் எத்தனையோ அளவுகோல்கள் இருக்கின்றன. அடங்கலை அளக்க ஒன்றுமில்லை.

அறிவு தேவையே இல்லை என்கிறாயா என்று கேட்பார்கள். அப்படிச் சொல்ல நான் யார்? 2018இல் அமெரிக்கப் படைப்புழு மக்காச்சோளத்தில் இறங்கியபோது அதை இதற்கு முன் பார்த்த விவசாயி இந்த நாட்டிலேயே இல்லை. குருத்துக்குள் எப்படி மருந்து போக வேண்டும், முட்டைக் குவியலை எப்போது நசுக்க வேண்டும் என்று யாராவது சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. இந்தோனேசியக் கடற்பாசி விவசாயிகளைப் பற்றிய ஓர் ஆய்வு (2014) இன்னும் கூர்மையானது. பல ஆண்டு அனுபவமுள்ளவர்களே, நடும் துண்டின் அளவு விளைச்சலைப் பாதிக்கிறது என்பதைக் கவனிக்காமல் இருந்தார்கள். கண்முன்னால் இருப்பதை விவசாயியும் தவறவிடலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆய்வாளர்கள் முதலில் விவசாயிகளிடமே கேட்டு, அவர்கள் எதை அளக்கிறார்கள், எதை அளக்கவில்லை என்று கண்டுபிடித்தார்கள். இடைவெளி இருக்கிறது என்று முன்கூட்டியே நம்பிக்கொண்டு, அதை நிரப்பப் போகவில்லை.

நம்மிடமே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 2008இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, மல்பெரி, பருத்தி என்று பரவி விவசாயிகளை நிலைகுலைய வைத்தது. எந்த மருந்துக்கும் அது அசையவில்லை. 2010இல் பெங்களூரிலிருந்த வேளாண் பூச்சிகளுக்கான தேசிய ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து சிறு ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி விவசாயிகளிடம் கொடுத்தது. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. விவசாயி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: குளவியை விட்ட பிறகு மருந்து அடிக்காதீர்கள். கையில் தீர்வோடு வந்தவர் சொன்னதால் கேட்டார்கள். விரிவாக்கம் என்றால் இதுதான். அதை முன்னின்று செய்தவர்களை இன்னும் கூடுதலாகக் கொண்டாட வேண்டும் என்பது என் தீராத ஆசை.

சந்தைப்படுத்தலிலும் அப்படித்தான். 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது காய்கறி விவசாயிக்குச் சந்தைப்படுத்தும் உத்திகள் பற்றி யாரும் வகுப்பு எடுக்கவில்லை. உட்கார ஓர் இடம், ஒரு தராசு, ஓர் அடையாள அட்டை, காலையில் எழுதிப்போடும் விலைப்பலகை. கத்தரிக்காய்க்குப் பேரம் பேச அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆகவே வேளாண் விரிவாக்க ஆய்வு செய்யும் இளைய நண்பர்களிடம் கேட்பது இது. ஏற்றவர்களை மட்டும் எண்ணாதீர்கள். ஏற்றுப் பார்த்துக் கைவிட்டவர்களைத் தேடிப்போய் எண்ணுங்கள். மாதிரியில் குத்தகைதாரருக்கும் கூலிப் பெண்ணுக்கும் இடம் கொடுங்கள். அவர்களைக் கண்டுபிடிக்கப் பயனாளிப் பட்டியல் உதவாது, அதில் அவர்கள் இல்லை. வயலுக்குத் தண்ணீர் வந்த தேதிகளை வினாப்பட்டியலின் முதல் பக்கத்தில் கேளுங்கள். பயிற்சி முடிந்து மூன்று ஆண்டு கழித்துப் போய், குடில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் அதையும் அப்படியே அச்சிடுங்கள். வழிகாட்டிகள் தயங்கினால் அவர்களோடு வாதாடுங்கள். அறிவியல் என்று நம்பித்தானே இந்தத் துறைக்கு வந்தீர்கள்.

அன்றைக்கு அந்தத் திண்ணையிலிருந்து எழும்போது, முறைக்காகக் கடைசியாக இருந்த கேள்வியையும் கேட்டேன்: இந்தத் தொழில்நுட்பத்தைக் கடைப்பிடிக்கத் தங்களுக்கு எத்தகைய பயிற்சி தேவை? பெரியவர் யோசித்தார். “தண்ணி எந்தத் தேதிக்கு வரும், எந்தத் தேதிக்கு நிக்கும்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி, அந்த மதகுல ஒட்டச் சொல்லுங்க தம்பி. ஒத்த நாத்து என்ன, அதுக்கப்புறம் நீங்க சொல்ற எதையும் நட்டுப் பாக்குறேன்.” பயிற்சியின் வகை, காலம், இடம் என்று மூன்று பத்திகள் அந்தக் கேள்விக்குக் கீழே இருந்தன. மூன்றையும் வெற்றாக விட்டுவிட்டு வந்தேன். அலுவலகத்தில் யாரோ நிரப்பிக்கொண்டார்கள்.